கோயிலுக்கு நேர்ந்த பலா

புது வருஷத்து மத்தியானச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இல்லை.

ஞானசிங் வாத்தியார் முதல் வாயிலேயே அதைக் கண்டுகொண்டார். கோழிக்கறியைத் தொட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை. அவர் மனைவி நேசபாய் மறதிக்காரிதான். அடுப்பில் பால் இருப்பதை மறப்பாள், குடையைக் கோயிலில் மறந்துவிட்டு வருவாள். ஆனால் உப்பை மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆகவே இது மறதியல்ல என்பது அவருக்கு விளங்கிவிட்டது. உப்பைக் கேட்டால் கூடவே வேறு சிலதும் கிடைக்கும் என்று தோன்றியதால், நார்த்தங்காய் ஊறுகாயை இலையின் நடுவில் வைத்துக்கொண்டு சமாளித்தார்.

"கறி நல்லாயிருக்கு நேசம்" என்றார்.

நேசபாய் அவரைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலில் கட்டியிருந்த வெள்ளாட்டைப் பார்த்தாள்.

"வேணுங்கிறவிய இன்னும் போட்டுத் தின்னட்டும்" என்று ஆட்டிடம் சொன்னாள்.

அன்று தொடங்கி அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் ஆட்டின் வழியாகத்தான் நடந்தது. ஆடு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

காரணம், அன்று காலை கோயிலில் ஞானசிங் எழுந்து நின்று சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குக் காரணம், முந்தின வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகை.

கருங்கல் பக்கத்து மிஷன் சபைகளில் ஆனி மாதம் அந்தப் பண்டிகை வரும். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தை அங்கே விளை என்பார்கள். அவரவர் விளையில் விளைந்ததில் நல்லதாகப் பார்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். ஜவுளிக்கடை ஜேசுதாஸ் இரண்டு ஆள் சுமக்கும் சேனைக்கிழங்கு கொண்டு வந்தார். ஞானசிங் தன் வாழையில் வெட்டிய ஓர் ஏத்தங்குலை கொண்டுபோனார். அது ஏத்தங்குலைதான் என்று பக்கத்தில் நின்று அவரே சொன்னால்தான் தெரியும், அப்படிப்பட்ட குலை. போதகர் அதைப் பார்த்துவிட்டு, காணிக்கையின் அளவை ஆண்டவர் பார்ப்பதில்லை என்று பீடத்திலிருந்து சொன்னார். அதுவரை அளவைப் பார்க்காதிருந்த சபையார் எல்லாரும் அப்போதுதான் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வடு ஞானசிங்கின் மனசில் ஆறவே இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் சொல்லுகிறவர். பிள்ளைகள்கூட வகுப்பில் வாழைப்பழத்தைப் பற்றிப் பேசினால் தன்னைத்தான் சொல்லுகிறார்கள் என்று நினைக்கத் தொடங்கினார். ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் பிறப்பதற்கு முன்பே தன் விளையைப் பற்றிச் சில தீர்மானங்கள் எடுத்தார். கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுவது. பயறுக்குப் பந்தல் போடுவது. வடக்கு மூலையில் இஞ்சிப் பாத்தி எடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்க்காத ஒன்றும் இனி இந்த விளையில் நிற்கக் கூடாது.

இதையெல்லாம் அவர் நேசபாயிடம் படித்துக் காட்டுகிற தோரணையில் சொன்னபோது, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மண்வெட்டி பிடிக்கிறது யாரு?"

அதற்கு அவர் தீர்மானம் எடுத்திருக்கவில்லை.

காய்க்காதது என்று அவர் சொன்னதில் முதல் குற்றவாளி அடுக்களைக்குப் பின்னால் நின்ற பலாமரம். நேசபாய் கல்யாணமாகி வந்தபோது திற்பரப்புப் பக்கத்திலுள்ள தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கொட்டையை அவளே ஊன்றி, அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். அவள் வீட்டு மரம் தேன்வருக்கை. கெட்டியான சுளை, ஒன்றைத் தின்றால் கையெல்லாம் மணக்கும். அந்தத் தாய்மரம் ஒரு காற்றுமழையில் சாய்ந்துவிட்டது. அவள் அம்மாவும் காலமாகிவிட்டாள். மகள்மரமோ இத்தனை வருஷமும் வாட்டசாட்டமாக வளர்ந்து நின்றதே தவிர, ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை. அதன் இலையைத் தின்ற ஆடுதான் அந்த மரத்தால் பலன் கண்ட ஒரே ஜீவன். வெட்டிக் கதவு போடலாம் என்று ஒரு தடவை ஞானசிங் சொன்னார். அந்த வாரமும் உப்புக் குறைந்திருந்தது.

புது வருஷத்தன்று காலை ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து, அந்த வருஷம் கோயிலுக்கு என்ன நேர்ந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கோழி என்பார்கள், ஒரு குத்துக் காய்ச்சில்கிழங்கு என்பார்கள். வசதியுள்ளவர்கள் மரத்தை நேர்வார்கள். நேர்ந்த மரம் நிற்கும் காலம்வரை அதன் காய் முழுதும் கோயிலுக்கு. வீட்டார் அதில் கைவைக்கக் கூடாது.

ஞானசிங் கோழி சொல்வதாகத்தான் போயிருந்தார். ஆனால் அவருக்கு முந்தி எழுந்த ஜேசுதாஸ், கிணற்றடித் தென்னையை நேர்ந்துவிட்டார். அதற்கு அடுத்தாற்போல் கோழி என்றால் கோழிக்கே மரியாதை இருக்காது. ஞானசிங் எழுந்து நின்றபடியே மனசுக்குள் விளையைச் சுற்றி வந்தார். தென்னை கொடுத்தால் குழம்புக்குத் தேங்காய்க்கு எங்கே போவது? மாமரம் கொடுத்தால் ஊறுகாய் போச்சு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தபோது அது தேவதூதன் கொண்டுவந்த யோசனை மாதிரியே இருந்தது.

"எங்க அடுக்களைக்குப் பின்னால நிக்கிற பலாமரத்த ஆண்டவருக்குக் குடுக்கேன்" என்றார்.

மரம் கொடுத்த பேரும் ஆயிற்று, வீட்டுக்கு நஷ்டமும் இல்லை, காய்க்காத ஒன்று விளையில் இல்லை என்ற தீர்மானமும் நிறைவேறிற்று. போதகர் அல்லேலூயா சொன்னார். மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்ற ஆபேல் மட்டும் ஏனோ இருமினார். மணியடித்து, விளக்கேற்றி, கோயிலைக் கூட்டி வைக்கிற கோயில்குட்டி அவர். வயசானவர், இருமுவது சகஜம். ஞானசிங் பெருமையாகப் பெண்கள் பக்கம் திரும்பினார். முக்காட்டுக்குள்ளிருந்து நேசபாய் அவரைப் பார்த்தாள். வீட்டு உப்பு அந்தப் பார்வையிலேயே தீர்ந்துவிட்டது.

தை மாதம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது, பலாமரத்தின் அடித்தூரில் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டிருப்பதை ஞானசிங் கண்டார். ஓணான் என்று நினைத்து மண்கட்டியை எடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் பிஞ்சு. ஒரே ஒரு பிஞ்சு.

அவருக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்தார். மனைவியின் தாய்வீட்டிலிருந்து மிச்சமிருந்தது இந்த மரம் ஒன்றுதான். ஒரு கோழியை மிச்சம் பிடிக்கப் போய் அதைத் தானம் செய்துவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே சுட்டது. அம்மா மரத்துப் பழத்துக்குத் தேன் தொட வேண்டாம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதும் ஞாபகம் வந்தது.

அடுக்களை வாசலில் நேசபாய் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பிஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"காய்ச்சாச்சு" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எப்படியாவது இந்தப் பழத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஞானசிங் அந்த இடத்திலேயே தீர்மானம் எடுத்தார். அந்த வருஷத்து மற்றத் தீர்மானங்கள் எல்லாம் அதற்குக் கீழே போயின.

நேரே போதகரிடம் போனார். மரத்தை மாற்றிக் கொடுக்கலாமா, பலாவுக்குப் பதிலாக மாமரத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பதாக உத்தேசம். போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஆனால் பேச்சை எங்கேயாவது தொடங்க வேண்டுமல்லவா? அந்தப் பலா காய்த்திருக்கிறது என்று தொடங்கினார்.

போதகர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"காய்க்காமல் நின்றதுதானே அது?"

"ஆமா, அதான் ஐயா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நேர்ந்த பிறகு காய்த்ததா?"

"நேர்ந்த பொறவுதான். ஆனா..."

போதகர் மேலே கேட்கவில்லை. அவரை அங்கேயே முழங்காலில் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். ஜெபம் நீளமாகத்தான் இருந்தது. அது முடிந்தபோது மாமரத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஞானசிங்கிடம் வாய் இருந்ததே தவிர முகம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க அந்தப் பிஞ்சுதான். காய்க்காத மரத்தை விசுவாசத்தோடு கொடுத்தார் நம் சகோதரர், ஆண்டவர் காய்க்கப் பண்ணினார் என்றார் போதகர். ஞானசிங் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். சபையார் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே ஆள் வரத் தொடங்கியது. இரணியலிலிருந்துகூட ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிஞ்சு தூரோடு இருந்ததால் எல்லாரும் குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது; அவர்கள் பக்கவாட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். பக்கவாட்டில்தான் பயறு இருந்தது. ஒரு வாரத்தில் பயற்றுப் பாத்தி தேர்முட்டி மாதிரி இறுகிவிட்டது.

கூட்டத்தைத் தடுக்க ஞானசிங் மரத்தைச் சுற்றி வேலி போட்டார். கம்புக்கு வேறு வழியில்லாமல் பயற்றுப் பந்தலையே பிரித்தார், பயறுதான் இல்லையே. வேலி அடைத்துக்கொண்டிருந்தபோது போதகர் அந்த வழியாக வந்தார். கோயில் சொத்தை இவர் காவல் காக்கிற அழகைப் பார்த்துப் பரவசமாகி, அதையும் ஒரு பிரசங்கம் ஆக்கினார்.

அதிலிருந்து வேறு விதமான ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் சத்தியபாய் என்று ஒரு விதவை. அவள் இடுப்பில் ஒரு கோழி இருந்தது.

"சாரே, இது முட்ட வைக்க மாட்டேங்கு. ஒரு நாளு ஒங்க மரத்தடியில கெட்டிப் போட்டுக்கிடட்டா?"

அதெல்லாம் மூடநம்பிக்கை, நாம் வேதக்காரர் அல்லவா என்று ஞானசிங் எடுத்துச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். மூடநம்பிக்கையாகவே இருக்கட்டும், கோழிக்கு அது தெரியாதே என்றாள். அவள் கண்கலங்கி நிற்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. சனியன், அந்தக் கோழி மறுநாளே முட்டையிட்டது.

அதற்குப் பிறகு அவர் விளையில் கோழி இல்லாத நாள் இல்லை. கட்டின கோழிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு இஞ்சிப் பாத்தியைக் கிளறின. வாய்க்காலைச் சீய்த்து மூடின. வந்தவர்கள் தங்கள் கோழிக்கு நிழல் வேண்டுமென்று வாழையிலையை ஒடித்துப் போட்டார்கள். சித்திரை முடிவதற்குள், காய்க்காத ஒன்றும் நிற்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட விளையில், காய்க்கிற ஒன்றும் நிற்கவில்லை. பலா மட்டும் நின்றது. அதில் அந்த ஒற்றைக் காய் பானை அளவுக்குப் பருத்திருந்தது.

நேசபாய் தினமும் சாயங்காலம் வேலியோரம் போய் அதைத் தொட்டுப் பார்ப்பாள். கோழிகள் கொத்தாமல் இருக்கப் பழஞ்சாக்கைச் சுற்றிவைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஞானசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. உப்பில்லாததும் ஒரு காரணம்.

கடைசியில் பக்கத்து விளை சுயம்புலிங்கத்திடம்தான் மனம்விட்டுச் சொன்னார். சுயம்புலிங்கம் பதியில் போய்க் கும்பிடுகிற அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமமும் தலையில் கட்டுமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

"எங்க பதிக்கு நேர்ந்தத நாங்க மாத்துகது கெடையாது வாத்தியாரே" என்றார். "ஒங்களுக்கு எப்படியோ."

"எங்களுக்கும் அப்படித்தான். ஆனா எனக்கு வேற வழியில்ல."

சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் பலாவைப் பார்த்தார்.

"ஒரு பலாச்சக்கைக்கும் இன்னொரு சக்கைக்கும் மொகம் பாத்துப் பேரு சொல்ல யாரால முடியும்?" என்றார். "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டேன்."

அந்தச் சும்மா கேட்ட கேள்வி ஞானசிங்கைத் தூங்கவிடவில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கையில் கருங்கல் சந்தைக்குப் போனார். தன் மரத்துப் பழத்தின் உயரத்தையும் சுற்றளவையும் மேல்துண்டில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். சந்தையில் ஒவ்வொரு பலாவாகத் துண்டால் சுற்றிப் பார்த்தார். யாருக்குச் சட்டை தைக்கிறீர்கள் என்று கடைக்காரன் கேட்டான். கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது. என்ன ருசி, எந்த ஊர்ப் பழம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அளவு சரியாயிருந்தது, அது போதும். சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வைக்கோல் படப்பின் அடியில் ஒளித்து வைத்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் பெண்களெல்லாம் குருத்தோலைத் தோரணம் கட்டக் கோயிலுக்குப் போவார்கள். நேசபாயும் போனாள். போகும்போது ஆட்டிடம், இன்றைக்கு ஆபேல் வந்து பழத்தை எடுத்துக்கொண்டு போவார் என்று தெரிவித்தாள். அவள் தலை மறைந்ததும் ஞானசிங் வேலிக்குள் புகுந்து பழத்தை வெட்டி இறக்கினார். அப்போதே அது மணத்தது. அந்த மணத்தை முகர்ந்துகொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றார். இத்தனை மாதத்தில் அவர் மனசு லேசானது அப்போதுதான். அதைப் படப்பின் அடியில் வைத்தார். சந்தைப் பழத்தைக் கொண்டுவந்து மரத்தடியில் சாக்கின்மேல் வைத்தார். ஆபேல் வந்து, பழத்தை ஒருமுறை பார்த்தார், ஞானசிங்கை ஒருமுறை பார்த்தார், இருமினார், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பழக்கம். ஞானசிங்தான் தாளம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர். அவ்வளவு உற்சாகமாக அவர் தாளம் போட்டு யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தபோது படப்பின் அடியில் வைக்கோல் கலைந்து கிடந்தது. கையை விட்டுப் பார்த்தார்; சாக்கும் இருந்தது, முள்ளும் குத்தியது. கோழிகளைப் பொதுவாகத் திட்டிவிட்டு வைக்கோலைச் சரிசெய்தார்.

பண்டிகை ஆராதனையில் பலாப்பழம் பீடத்துக்கு முன்னால் நடுநாயகமாக இருந்தது. ஜேசுதாஸின் சேனை ஓரத்தில் கிடந்தது. இது ஏலத்தில் போகிற பழமல்ல, ஆண்டவர் கொடுத்த பழம். இதை அறுத்து வீட்டுக்கு இரண்டு சுளையாக எல்லாருக்கும் ஆபேல் கொண்டுவந்து தருவார் என்று போதகர் அறிவித்தார். ஞானசிங்கின் கண் பழத்தில் நிற்கவில்லை. எப்போது ஆசீர்வாதம் சொல்லுவார்கள் என்று காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேசபாயை வைக்கோல் படப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாக்கை இழுத்து வெளியே வைத்தார். இதற்காக அவர் ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தார். அதில் பாதிதான் வந்தது.

"நேசம், நான் செஞ்சது தப்பு. ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம குடுத்தேன். ஒங்க அம்மா வீட்டு மரம் அது. கோயில்ல இருந்தது சந்தப் பழம். இதுதான் ஒன் பழம். இதுல வாற பாவம் என் தலைல இருக்கட்டும், நீ தின்னு."

நேசபாய் அவரை வெகுநேரம் பார்த்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வெட்டுகத்தியும் கைக்குத் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து பழத்தைப் பிளந்தாள்.

பழம் கூழன். சுளை என்று கையில் எடுத்தால் விரல் வழியே வழிந்தது. மிச்சம் நின்றது நார். இனிப்பு என்று ஒன்று இருந்திருக்கலாம். அது நாரோடு போயிற்று. ஞானசிங் ஒரு வாய் போட்டு, அதை விழுங்குவதா வேண்டாமா என்று யோசித்தார். காலமான மாமியாரை நினைத்தார். செத்தவர்களின் மரத்தைப் பற்றிக் குறை சொல்வது மனுஷத்தனமல்ல. இந்த நாருக்காகவா பயறும் இஞ்சியும் வாழையும் போயின என்று எழுந்த எண்ணத்தையும் சேர்த்து விழுங்கினார்.

"தேன்தான்" என்றார். "ஒங்க அம்மா மரம்னா சும்மாவா?"

நேசபாய் ஒரு சுளையை வழித்து வாயில் போட்டாள். கண்ணை மூடாமல், முகத்தைச் சுளிக்காமல் தின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆட்டிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். "நீங்க இன்னொண்ணு எடுங்க."

ஞானசிங்குக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக முழுப் பழத்தையும் நாரோடு தின்னத் தயாராக இருந்தார். ஏறக்குறையத் தின்றுகொண்டும் இருந்தார். அப்போது வாசலில் இருமல் சத்தம் கேட்டது.

ஆபேல் வாழையிலைப் பொட்டலத்தோடு நின்றார். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே முற்றம் மணத்தது. நேற்று மரத்தடியில் மணத்த அதே மணம். உள்ளே பொன் நிறத்தில், கெட்டியாக, இரண்டு சுளை.

"போதகரையா குடுத்து விட்டாவ. ஒங்க மரத்துப் பழம். ஊரே கொண்டாடுகு" என்றார் ஆபேல்.

ஞானசிங் இலையைப் பார்த்தார். கையில் வழிந்த கூழைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

"நேத்து நீங்க பாட்டுப் படிச்சுக் குடுத்துட்டு இருந்தப்பம், மணத்த வச்சு இதப் படப்புல கண்டுபிடிச்சு, கோயிலுக்குப் பின்னால பாட்டா ரூமுல இருந்த பழத்தோட நாங்க ரெண்டு பேரும் மாத்தி வச்சோம்" என்றாள் நேசபாய். "கோயில்ல வந்து எறங்கினத பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெனமும் தொட்டுப் பாத்த பழமில்லா." பிறகு ஆபேலிடம் திரும்பினாள். "இனி சொல்லலாம் பாட்டா. நேர்ந்தது நெறவேறியாச்சு."

ஆபேல் நிலைப்படியில் உட்கார்ந்து சொன்னார். கல்யாணமான மறு வருஷம் ஞானசிங் விஷக்காய்ச்சலில் விழுந்து, வைத்தியர் கையை விரித்துவிட்ட சமயம். நேசபாய் தனியாகக் கோயிலுக்கு வந்திருக்கிறாள். அங்கே ஆபேல் ஒருவர்தான் இருந்தார். இந்த மனுஷன் எழும்பி நடந்தால், அம்மா வீட்டுக் கொட்டையில் முளைத்த மரத்தின் முதல் பழம் கோயிலுக்கு என்று அவரைச் சாட்சியாக வைத்து நேர்ந்துகொண்டாள். மரம் அப்போது முழங்கால் உயரம். ஓர் உயிருக்காகத் தனியாக நேர்ந்ததை, அது நிறைவேறும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பதால் இருவருமே வாயைத் திறக்கவில்லை. ஆபேலுக்கு இருமத்தான் முடிந்தது.

ஞானசிங் கையில் ஒட்டிய கூழைத் துண்டில் துடைத்தார். தன் உயிருக்கு ஈடாக நேர்ந்த பழத்தைக் கோயிலிலிருந்து திருடத்தான் ஆறு மாதமாகப் பாடுபட்டோமா? நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு சுளையை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அது தேன்தான். அதற்குத் தேன் தொட வேண்டியதே இல்லை.

தின்று முடித்ததும் வாத்தியார் மூளை மறுபடி கணக்குப் போடத் தொடங்கியது. அவள் கோயிலுக்கு நேர்ந்தாள். அவரும் கோயிலுக்குத்தான் கொடுத்தார். பழமும் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

"அப்போ அவ செஞ்சதும் நான் செஞ்சதும் ஒண்ணுதானே பாட்டா? இதுக்கா எனக்கு வருசப்பெறப்புல இருந்து உப்பில்ல?"

நேசபாய் இரண்டு சுளையின் கொட்டையையும் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டு, மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்து விளைப் பக்கம் நடந்தாள்.

ஆபேல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணில்ல சாரே" என்றார். "ஒங்க வீட்டம்மா நேர்ந்தது மொதப் பழத்த மட்டுந்தான், மரத்தையே குடுத்தது நீங்க."